திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத் திட்டமிடல் மென்பொருள் ஒன்று: இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கடந்த இரண்டரை ஆண்டுகளாக எங்கள் திட்டமிடல் பிரிவு, திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு மென்பொருளை அன்றாடம் பயன்படுத்தி வருகிறது. துளையிட்டுப் பெற்ற தரவுகளிலிருந்து நிலக்கரி அடுக்குகளின் மாதிரியை உருவாக்குவது, குழியின் எல்லையை வகுப்பது, எந்த மாதத்தில் எந்தப் பட்டையை வெட்டுவது என்று வரிசைப்படுத்துவது, வெட்டிய மண்ணைக் கொட்டிச் சமன்செய்து மீண்டும் பயிரோ காடோ வளரும் நிலமாக்குவது என எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் செய்துவிடலாம் என்பதே விற்பனையாளர் தந்த வாக்குறுதி. அதில் எது நிறைவேறியது, எது பாதியில் நிற்கிறது என்பதை, இதுபோன்ற கருவியை வாங்க எண்ணியிருக்கும் சுரங்கப் பொறியாளர்களுக்கும் நிலமீட்புப் பணியில் இருப்பவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். குறைகளையும் விரிவாகச் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரையும் மென்பொருளின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். நான் இங்கே எழுப்பும் கேள்விகளை இந்த வகை மென்பொருளை விற்க வரும் எவரிடமும் கேட்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணின் கணக்கை இவ்வளவு ஒழுங்காக வைத்துக்கொள்ளும் கருவியை நான் இதற்கு முன் கையாண்டதில்லை. நீரின் கணக்கை மட்டும் இதை நம்பி எவரும் ஒப்படைக்கக் கூடாது.

மண்ணின் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு டன் நிலக்கரியை எடுக்க எத்தனை கனமீட்டர் மேற்சுமையை, அதாவது சுரங்கத்தார் ஓவர்பர்டன் என்று சொல்லும் மண்ணையும் பாறையையும், அகற்ற வேண்டியிருக்கிறது என்பதே திறந்தவெளிச் சுரங்கத்தின் முதன்மையான விகிதம். அந்த விகிதம் ஐந்து என்றால், ஆண்டுக்கு 20 லட்சம் டன் நிலக்கரி எடுக்கும் சுரங்கம் ஒரு கோடி கனமீட்டர் மண்ணை வெட்டி, ஏற்றி, கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். எரிபொருளும் இயந்திர நேரமும் பெரும்பாலும் அந்த மண்ணுக்குத்தான் செலவாகின்றன; சுரங்கம் முடிந்தபின் நிலத்தை மீட்பதும் அதே மண்ணைக் கொண்டுதான். அப்படியிருந்தும், நான் முன்பு பயன்படுத்திய இரண்டு மென்பொருள்களும் நிலக்கரியை டன் டன்னாகப் பின்தொடர்ந்துவிட்டு, மேற்சுமை முழுவதையும் கழிவு என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ்த் தள்ளிவிடும். அதை எங்கே கொட்டுவது என்பதை வேறொருவர் வேறொரு வரைபடத்தில் பிற்பாடு வரைவார். இரண்டு வரைபடங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது களத்தில் டம்பர்கள் வரிசையாக நிற்கும்போதுதான் தெரியவரும்.

இந்த மென்பொருளில் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சேரிடம் உண்டு. சேரிடத்தைக் குறிக்காமல் ஒரு பட்டையை அட்டவணையில் சேர்க்கவே இது விடுவதில்லை. தொடக்கத்தில் இந்தப் பிடிவாதம் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு அவசர மாற்றத்தை அரை மணி நேரத்தில் முடித்துப் பழகியவர்களுக்கு, கொட்டுமிடத்தில் கொள்ளளவு இல்லை என்று அட்டவணை நின்றுவிடுவது பெரிய தடையாகத் தோன்றியது. மூன்று நான்கு மாதங்களில் எங்கள் எண்ணம் மாறிவிட்டது. அட்டவணை நின்ற ஒவ்வொரு முறையும் அங்கே உண்மையாகவே இடமில்லை.

இந்தக் கணக்கின் நுட்பம் உப்பலில் இருக்கிறது. இறுகிக் கிடந்த மண்ணும் பாறையும் உடைபட்டதும் பருத்துவிடுகின்றன. கொட்டியபின் ஆண்டுக்கணக்கில் தம் எடையாலேயே அமிழ்ந்து ஓரளவு சுருங்கினாலும் பழைய கனஅளவுக்குத் திரும்புவதில்லை. எல்லாம் அமிழ்ந்தபின் எஞ்சும் உப்பல் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 6 மீட்டர் தடிமனுள்ள நிலக்கரி அடுக்கின் மேல் 30 மீட்டர் மேற்சுமை இருந்தால், அது திரும்ப நிரப்பப்படும்போது 34.5 மீட்டராகும், முன்பு இரண்டும் சேர்ந்து 36 மீட்டர் இருந்ததால், மீட்ட நிலம் ஒன்றரை மீட்டர் தாழ்ந்து நிற்கும். மேற்சுமை 40 மீட்டராக இருந்தால் பழைய மட்டமே திரும்பிவிடும். 60 மீட்டராக இருந்தால் 69 மீட்டர் வந்து, பழைய தரையைவிட 3 மீட்டர் உயர்ந்துவிடும். இப்போது அதே 60 மீட்டருக்கு உப்பலை 10 சதவீதம் என்று மாற்றிப் பாருங்கள்: நிலம் சரியாகப் பழைய மட்டத்தில் வந்து நிற்கிறது. ஒரே ஒரு எண்ணில் ஐந்து புள்ளி மாறினால் மட்டம் 3 மீட்டர் மாறுகிறது. ஆயிரம் ஹெக்டேர் பரப்பில் அது 3 கோடி கனமீட்டர்.

இவ்வளவு கனமான எண்ணை இந்த மென்பொருள் எல்லாப் பாறைக்கும் பொதுவான ஒற்றை மதிப்பாக முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறது என்பதே நான் சொல்லும் முதல் குறை. மணற்கல்லும் களிமண்ணும் மென்களிக்கல்லும் ஒரே அளவில் உப்புவதில்லை, ஒரே வேகத்தில் அமிழ்வதும் இல்லை. அடுக்குவாரியாக மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளே இருக்கிறது. ஆனால் அது மூன்று சாளரங்களுக்கு அப்பால் ஒளிந்திருக்கிறது. எங்கள் முதல் ஐந்தாண்டுத் திட்டம் அந்த இயல்பு மதிப்போடுதான் வெளிவந்தது. கொட்டிச் சமன்செய்த முதல் பகுதியை மறு ஆண்டு அளந்தபோது, வடிகால் ஓட வேண்டிய திசைக்கு எதிராகத் தரை சற்றே சாய்ந்திருந்தது. தவறு எங்களுடையதுதான் என்றாலும், இந்த எண்ணைப் பயனரே உள்ளிடாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாதபடி மென்பொருள் அமைந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். சேரிடம் குறிக்காமல் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் ஒரு கருவி இங்கேயும் அதே பிடிவாதத்தைக் காட்டியிருக்கலாம்.

இதன் மிகச் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால், முதல் வெட்டையும் கடைசிக் குழியையும் ஒரே திரையில் இணைத்துக் காட்டும் பகுதி என்பேன். சுரங்கத்தார் பாக்ஸ் கட் என்று சொல்லும் முதல் வெட்டில் வரும் மண்ணுக்குக் குழிக்குள் இடமில்லை; அது வெளியே குவிந்தாக வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பட்டையின் மண்ணும் முந்தைய பட்டையின் வெறுமையை நிரப்பிக்கொண்டே போகும். இறுதியில், கடைசிப் பட்டையை நிரப்ப மண் இல்லாமல் ஒரு பள்ளம் எஞ்சும். வெளியே குவிந்த மண்ணும் கடைசியில் எஞ்சும் பள்ளமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். முதல் நாளில் எந்த ஓரத்திலிருந்து தொடங்குகிறோம் என்பதே, முப்பது ஆண்டுக்குப் பின் எந்த ஊரின் பக்கம் குன்று நிற்கும், எந்தப் பக்கம் பள்ளம் கிடக்கும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. இந்த மென்பொருளில் தொடக்க ஓரத்தை மாற்றினால் குன்றும் பள்ளமும் உடனே இடம் மாறுவதைப் பார்க்கலாம். நிலம் கொடுத்தவர்களோடு நடந்த ஒரு கூட்டத்தில் இந்தத் திரையைக் காட்டினோம். பக்கம் பக்கமாக அறிக்கை படித்தபோது எழாத கேள்விகள் அன்று எழுந்தன. அவற்றில் இரண்டு எங்கள் தொடக்க வெட்டின் இடத்தையே மாற்ற வைத்தன.

நிலவியல் மாதிரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கரி மெல்லிய, பரந்த அடுக்குகளாகக் கிடப்பதால், உலோகத் தாதுகளுக்குச் செய்வதுபோல் பூமியைச் சதுரக் கட்டிகளாக வெட்டாமல், ஒவ்வொரு அடுக்கின் கூரையையும் தரையையும் தனித்தனிப் பரப்புகளாக இது வைத்துக்கொள்கிறது. அதுதான் சரியான முறை. அடுக்கு இரண்டாகப் பிரிவதையும், பிளவுகளால் இடம்பெயர்வதையும் நன்றாகக் கையாளுகிறது. தென்னாப்பிரிக்காவின் டேனி கிரிகே தங்கச் சுரங்கங்களுக்காகத் தொடங்கிவைத்த, பின்னர் பிரான்சின் ஜார்ஜ் மாத்தெரான் கணித வடிவம் தந்த கிரிகிங் முறையில், அதாவது துளைகளின் அளவீடுகளிலிருந்து இடைப்பட்ட இடங்களின் மதிப்பைக் கணிக்கும் முறையில், சாம்பல், கந்தகம், வெப்ப மதிப்பு ஆகியவற்றை மதிப்பிடுகிறது. துளைகளுக்கு இடையே தூரம் கூடும்போது மதிப்பீட்டின் உறுதி எவ்வளவு குறைகிறது என்பதையும் நிறத்தால் காட்டுகிறது. விளம்பரக் கையேட்டில் 1965ஆம் ஆண்டின் லெர்ச்ஸ்–கிராஸ்மன் குழி எல்லை முறையைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்கள்; ஏறக்குறைய கிடைமட்டமாகக் கிடக்கும் ஒற்றை அடுக்குக்கு, மேற்சுமை விகிதத்தின் வரைபடம் ஒன்றே எல்லையைச் சொல்லிவிடும் என்பதால் அதற்காக யாரும் இதை வாங்க வேண்டாம். சரிந்து கிடக்கும் பல அடுக்குகள் உள்ள இடங்களில் அது பயன்படும்.

மேல்மண்ணைக் கையாளும் பகுதிக்கு நான் மனமாரப் பாராட்டு சொல்ல வேண்டும். மேல்மண் வெறும் பொருளாக இருந்தால் குவித்துவைத்துப் பத்து ஆண்டுக்குப் பின் பரப்பினாலும் வேறுபாடு இருக்காது. அதில் வேர்களோடு கூடி வாழும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் விதைகளும் இருக்கின்றன. உயரமான குவியலின் அடிப்பகுதியில் காற்று புகாமல் அவை சில ஆண்டுகளிலேயே அழிந்துபோகின்றன. எனவே, முன்னே ஒரு பட்டையில் சீவியெடுத்த மேல்மண்ணைக் குவியலுக்கே அனுப்பாமல், பின்னே சமன்செய்து தயாராக இருக்கும் பட்டையில் நேராகப் பரப்புவதே சிறந்த வழி. இதைச் சொல்வது எளிது. செய்ய வேண்டுமானால், சீவும் வேலையும் சமன்செய்யும் வேலையும் ஒரே மாதத்தில் சந்திக்க வேண்டும். இந்த மென்பொருள் மேல்மண்ணையும் அடிமண்ணையும் இரண்டு தனிக் கணக்குகளாக வைத்து, எந்தெந்த மாதங்களில் நேரடிப் பரப்பல் சாத்தியம் என்பதை நாள்காட்டி வடிவில் காட்டுகிறது. குவியலுக்குப் போக நேர்ந்தால், அந்தக் குவியலின் வயதையும் உயரத்தையும் எழுதிவைத்து, வரம்பு மீறும்போது எச்சரிக்கிறது. இதைப் பார்த்துப் பார்த்தே எங்கள் அகழ்வு அட்டவணையில் சில வெட்டுகளை ஆறு வாரம் வரை முன்பின்னாக நகர்த்தினோம். நிலக்கரி உற்பத்தியில் அதனால் எந்தக் குறையும் வரவில்லை.

அமிலம் பற்றிய பகுதியும் நன்றாகவே இருக்கிறது. நிலக்கரிக்கு மேலும் கீழும் உள்ள கரிய களிக்கல்லில் பெரும்பாலும் பைரைட் என்னும் இரும்பு சல்பைடு இருக்கும். பூமிக்குள் இருந்தவரை அது தூங்கிக் கிடக்கிறது. வெட்டியெடுத்து மேலே போட்டால் காற்றும் மழைநீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. அந்த அமிலம் இரும்பையும் பிற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஓடைகளில் இறங்குகிறது. பைரைட் கந்தகம் ஒரு சதவீதம் உள்ள ஆயிரம் டன் பாறையின் அமிலத்தை ஈடுசெய்ய 31.25 டன் சுண்ணாம்புக் கார்பனேட் வேண்டும் என்பது இத்துறையில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. மென்பொருள் இந்தக் கணக்கை ஒவ்வொரு அடுக்குக்கும் போட்டு, பாறையில் இயற்கையாகவே உள்ள சுண்ணாம்பைக் கழித்து, அமிலம் தரும் அடுக்குகளைச் சிவப்பாகக் குறிக்கிறது. அந்தச் சிவப்பு மண்ணைக் கொட்டும் குவியலின் வெளிப்புறத்திலோ மேற்பரப்பிலோ வைக்க முயன்றால் அட்டவணை மறுத்துவிடுகிறது. நல்ல களிமண்ணுக்கு அடியில், வேர்களும் மழையும் எட்டாத ஆழத்தில் புதைக்கும் வரிசையையும் அதுவே பரிந்துரைக்கிறது. துளைகளிலிருந்து எடுத்த பாறை மாதிரிகளைச் சோதித்துத் தரவு தந்தால்தான் இது வேலை செய்யும் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் நிலக்கரியை மட்டும் சோதித்துவிட்டு மேற்சுமை மாதிரிகளைத் தூக்கியெறியும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருப்பதால் சொல்கிறேன். எங்கள் பழைய துளைகளில் பாதிக்கு மேல் அந்த நிலைதான். மறுபடி துளையிட வேண்டியதாயிற்று.

இனி, எனக்கு உடன்பாடில்லாத இடம். இறுதி நில வடிவத்தை இந்த மென்பொருள் நேர்கோட்டுச் சரிவுகளாகவும் சீரான படிகளாகவும் வரைகிறது. திரையில் பார்க்க ஒழுங்காக இருக்கும் அந்தச் சரிவு மழைக்குத் தாங்காது. இயற்கையான குன்று மேலே குவிந்தும் கீழே குழிந்தும் இருப்பதற்குக் காரணம், கீழே போகப்போக ஓடும் நீரின் அளவு கூடுவதால் சரிவு தணிய வேண்டியிருப்பதே. நேர்ச்சரிவில் அந்தத் தணிவு இல்லாததால் அடிவாரத்தில் நீர் தானே மண்ணை அரித்து ஓடைகளை வெட்டிக்கொள்கிறது. படிகளில் தேங்கும் நீர் ஏதோ ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு இறங்குகிறது. வளைந்த சரிவையும் கிளைகளாகப் பிரியும் ஓடைகளையும் கையால் வரைந்து உள்ளிடலாம் என்று கையேடு சொல்கிறது. செய்து பார்த்தோம். நூறு ஹெக்டேருக்கு இரண்டு பேர் மூன்று வாரம் உட்கார வேண்டியிருந்தது. அட்டவணை ஒருமுறை மாறியதும் அத்தனையும் மீண்டும் நேர்கோடாகிவிட்டது.

இதைவிடக் கவலை தரும் ஒன்று, சமன்செய்த பரப்பின் வழவழப்பைத் தரத்தின் அளவுகோலாக இது வைத்திருப்பது. புல்டோசர் எத்தனை முறை ஓடுகிறதோ அத்தனைக்கு மதிப்பெண் கூடுகிறது. களத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது. கனமான இயந்திரங்கள் மீண்டும் மீண்டும் ஓடி இறுக்கிய மண்ணில் மழைநீர் இறங்காது, மரத்தின் வேர் இறங்காது. புல் மட்டும் பிடித்துக்கொண்டு, பார்ப்பவர்க்கு நிலம் மீண்டுவிட்டதுபோல் தோன்றும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் 1977ஆம் ஆண்டின் சுரங்க நிலமீட்புச் சட்டத்துக்குப் பின் வந்த பல ஆண்டுகளில் நிலச்சரிவுக்கு அஞ்சி எல்லாவற்றையும் இறுக்கிச் சமன்செய்ததில், முன்பு காடாக இருந்த பெரும்பரப்புகள் புல்வெளியாகவே நின்றுபோயின. 2004இல் அங்கே தொடங்கிய மறுகாடாக்க முயற்சி, குறைந்தது நான்கு அடி, அதாவது 1.2 மீட்டர், ஆழத்துக்கு இறுக்காத தளர்ந்த மண்ணை விட்டுவைக்க வேண்டும் என்பதையே முதன்மை விதிகளில் ஒன்றாக வைத்தது. சரிவின் உறுதி முக்கியந்தான். அது உள்ளே உள்ள நிரப்பலுக்கு உரியது, மேலே உள்ள வேர்ப்படுகைக்கு உரியதல்ல. அந்த வேறுபாட்டை அறியாத மதிப்பெண் பட்டியலை நாங்கள் அணைத்து வைத்துவிட்டோம். வாங்குபவர்களும் முதல் நாளே அதைச் செய்யுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

நீருக்கு வருவோம். வேலை நடக்கும்போது குழியில் ஊறும் நீரை எத்தனை பம்புகளால் இறைப்பது, வண்டல் தேங்கும் குட்டை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற இரண்டையும் கணக்கிடுகிறது. அவை சரியாகவே வருகின்றன. இறைப்பதை நிறுத்திய மறுநாளில் இதன் அறிவு நின்றுவிடுகிறது. சுரங்கம் இயங்கும் பத்து இருபது ஆண்டுகள் தாழ்த்தி வைத்திருந்த நிலத்தடி நீர்மட்டம் மெல்ல மீண்டும் ஏறும். உலர்ந்திருந்த நிரப்பல் மண் நனையும், அமிழும், சில இடங்களில் வலுவிழக்கும். ஜெர்மனியின் நாக்டர்ஸ்டெட் என்ற ஊரில் 2009 ஜூலை 18 அன்று, பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் நிரப்பி உருவாக்கிக்கொண்டிருந்த கான்கார்டியா ஏரிக்குள் கரையின் ஒரு பகுதி வீடுகளோடு சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். நிலத்தடி நீரின் அழுத்தம் அதில் முக்கியப் பங்கு வகித்ததாக ஆய்வில் தெரியவந்தது. அதே நாட்டில் கைசல்டால் ஏரி 2003 முதல் 2011 வரை ஆற்றுநீரைக் கொண்டுவந்து நிரப்பப்பட்டு இன்று 18 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. ஒன்று துயரமாகவும் மற்றொன்று பயனாகவும் முடிந்தாலும், சுரங்கத் திட்டத்தின் பெரும்பகுதி வேலை நிலக்கரி தீர்ந்தபின் நீர் என்ன செய்யும் என்பதைப் பற்றியது என்பதை இரண்டுமே காட்டுகின்றன. எங்கள் மென்பொருளில் கடைசிப் பள்ளம் வெறும் பள்ளமாகவே வரையப்படுகிறது. எத்தனை ஆண்டில் நிரம்பும், எந்த மட்டத்தில் நிற்கும், ஆவியாவது எவ்வளவு, உப்பும் அமிலமும் எந்த அளவுக்குச் செறியும் என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதிலில்லை. இதற்கெனத் தனி நிலத்தடிநீர் மாதிரியை வேறொரு கருவியில் நடத்துகிறோம். இரண்டுக்கும் இடையே தரவைக் கையால்தான் மாற்றுகிறோம்.

குவியல்களின் அடியில் உள்ள ஊற்றுகளைக் குறிக்கும் வசதிகூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சியாக இருந்தது. வேல்ஸின் அபெர்வானில் 1966 அக்டோபர் 21 அன்று 116 குழந்தைகள் உட்பட 144 பேரைப் புதைத்த கழிவுக்குவியல் ஓர் ஊற்றின் மேல்தான் கொட்டப்பட்டிருந்தது. அது நிலத்தடிச் சுரங்கத்தின் குவியல் என்றாலும் பாடம் எல்லாக் குவியலுக்கும் ஒன்றுதான். கொட்டுமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் தூரம், ஏற்றம், எரிபொருள் என்று பதினோரு அளவுகோல்கள் இருக்கின்றன. ஊற்றும் ஓடையும் அவற்றில் இல்லை. உதவிக் குழுவுக்கு இதை மூன்று முறை எழுதினேன்; கருத்து பதிவு செய்யப்பட்டது என்ற ஒரே பதில் மூன்று முறையும் வந்தது.

டிராக்லைன் என்னும் மாபெரும் வாளி இயந்திரத்தை வைத்திருப்பவர்களுக்காக ஒரு பத்தி. எங்களிடம் அது இல்லை. அண்டைச் சுரங்கத்தின் திட்டமிடுநர்களோடு அமர்ந்து ஒரு வாரம் சோதித்ததை வைத்துச் சொல்கிறேன். ஒரே இடத்தில் நின்றபடி வெட்டி, சுழன்று, பக்கத்துப் பட்டையில் கொட்டும் இந்த இயந்திரத்துக்குக் கையெட்டும் தூரம்தான் எல்லாம். ஒஹாயோவில் 1969 முதல் 1991 வரை ஓடிய பிக் மஸ்கி என்ற டிராக்லைனின் வாளி ஒரே வீச்சில் ஏறத்தாழ 168 கனமீட்டரை அள்ளியது. அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கும் கொட்டிய மண்ணையே மறுபடி தொட நேர்ந்தால் செலவு இரட்டிப்பாகும். அந்த மறுகையாளலின் அளவைக் குறுக்குவெட்டு வரைபடமாக இது தெளிவாகக் காட்டுகிறது. வெடிவைத்தே மண்ணின் ஒரு பகுதியைக் குழிக்குள் எறியும் முறையையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. நண்பர்கள் நிறைவாகவே இருந்தார்கள்.

நிர்வாகத்தினருக்குப் பிடித்ததும், எனக்கும் பிடித்ததுமான பகுதி நிலுவைக் கணக்கு. மரங்களையும் மேல்மண்ணையும் அகற்றித் திறந்த நிலத்தின் பரப்பு எவ்வளவு, அதில் நிரப்பி முடித்தது எவ்வளவு, மேல்மண் பரப்பியது எவ்வளவு, விதைத்தது எவ்வளவு என்பதைக் காலாண்டுதோறும் ஒரே பக்கத்தில் தருகிறது. இன்றே சுரங்கம் மூடப்பட்டால், வேறொருவர் வந்து நிலத்தை மீட்க எத்தனை கனமீட்டரை நகர்த்த வேண்டியிருக்கும் என்ற எண்ணையும் தருகிறது. அமெரிக்கச் சட்டம் போன்றவை கேட்கும் பிணைத்தொகைக்கு இந்த எண்தான் அடிப்படை. அந்தச் சட்டத்தில் செடிகொடிகளின் வளர்ச்சிக்குப் பொறுப்பேற்க வேண்டிய காலம், ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 660 மில்லிமீட்டருக்கு, மேல் உள்ள இடங்களில் ஐந்து ஆண்டு. அதற்குக் குறைந்த இடங்களில் பத்து ஆண்டு. அந்தக் காலம் கடைசியாக விதைத்து உரமிட்ட ஆண்டுக்குப் பின்தான் ஓடத் தொடங்குகிறது. ஒரு மூலையில் செடி கருகி மறுபடி விதைத்தால் அந்த மூலையின் கடிகாரம் மட்டும் மீண்டும் சுழியத்துக்குப் போவதை மென்பொருள் சரியாகப் பின்பற்றுகிறது. விதியின் எண்களை அவரவர் நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் முடியும்.

மீட்பைத் தள்ளிப்போட்டால் நிலம் காத்திருக்கும், வேறொன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஹேசல்வுட் சுரங்கத்தின் வேலை முடிந்த, மூடப்படாத பழுப்பு நிலக்கரி முகங்களில், அதாவது வெட்டிய சுவர்களில், 2014 பிப்ரவரி 9 அன்று காட்டுத்தீ பற்றி 45 நாள் எரிந்தது. அருகிலிருந்த மோர்வெல் நகர மக்கள் அத்தனை நாளும் புகையைச் சுவாசித்தார்கள். எங்கள் நிலுவைக் கணக்கில் திறந்து கிடக்கும் நிலக்கரி முகம் என்று ஒரு வரியை நாங்களாகவே சேர்த்துக்கொண்டோம். அப்படிச் சேர்க்க இடம் கொடுத்ததற்காக இந்த மென்பொருளை மெச்சுகிறேன்.

கற்றுக்கொள்ள எவ்வளவு காலமாகும் என்று பலர் கேட்கிறார்கள். அடுக்கு மாதிரியில் பழக்கமுள்ளவருக்கு இரண்டு மாதம், புதியவருக்கு ஆறு மாதம் என்பது எங்கள் அனுபவம். நிறுவனம் தந்த ஐந்து நாள் பயிற்சியில் நான்கு நாள் நிலக்கரிக்கும் ஒரு நாள் மண்ணுக்கும் போனது. கருவியின் வலிமை இருக்கும் இடத்துக்கு நேர்மாறான பங்கீடு அது. உதவிக் குழுவினர் பண்பானவர்கள், கணினிக் கோளாறுகளை அன்றே தீர்ப்பவர்கள். நிலமீட்பு பற்றிய கேள்வி என்றால் மட்டும் பதில் சொல்ல ஆள் இல்லை.

வாங்குமுன் ஒன்றைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். ஒரு சுரங்கம் முப்பது ஆண்டு ஓடலாம், அதன்பின் பத்து ஆண்டு நிலத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கலாம். எந்த ஆழத்தில் அமில மண் புதைந்திருக்கிறது என்பது நாற்பது ஆண்டுக்குப் பின்னும் ஒருவருக்குத் தெரிய வேண்டும். சென்ற ஆண்டு வந்த புதிய பதிப்பு, அதற்கு முந்தையதற்கு முந்தைய பதிப்பின் கோப்புகளைத் திறக்க மறுத்துவிட்டது. நல்லவேளையாக எங்கள் பழைய கணினி ஒன்று அழிக்கப்படாமல் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலாண்டும் அடுக்குகளின் பரப்புகளையும், கொட்டியவற்றின் இடமும் ஆழமும் தன்மையும் அடங்கிய பட்டியலையும், எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய உரைக்கோப்புகளாக எடுத்துவைக்கிறோம். அந்த ஏற்றுமதி முழுமையாக வருகிறது. அரை நாள் பிடிக்கிறது.

உரிமத்தை அடுத்த ஆண்டுக்கும் புதுப்பிக்குமாறு பரிந்துரைத்திருக்கிறேன். ஒரே ஓர் அடுக்கும் சிறிய பரப்பும் உள்ள சுரங்கங்களுக்கு இது தேவைக்கு மிஞ்சியது. பல அடுக்குகளும் அமிலம் தரும் பாறையும் குறைந்த மேல்மண்ணும் உள்ள இடங்களுக்கு மண் கணக்கு ஒன்றுக்காகவே வாங்கலாம். வளைந்த சரிவுகளைத் தானே வரையும் பகுதியும், ஊற்றுகளைக் குறிக்கும் வசதியும் அடுத்த பதிப்பில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்தால், ஒரு மழைக்காலம் முழுவதும் களத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இந்த மதிப்புரையின் அந்தப் பகுதிகளைத் திருத்தி எழுதுவேன்.